'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தை லண்டன் திரையரங்கில் பார்ப்பது பற்றி

தம்பி, அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தை மடிக்கணினியில் ஏற்கெனவே பார்த்துவிட்ட நிலையில், லண்டனுக்கு வந்த புதிதில் அதையே திரையரங்கில் காசு கொடுத்துப் பார்ப்பது தகுமா என்றும், தனியாகப் போனால் விநோதமாக நினைப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இத்தகைய பழைய படங்களுக்கு இங்கே தனியாக வருபவர்கள் நிறைய; உங்களை ஒருவரும் கவனிக்கப் போவதில்லை.

லிஞ்சின் படங்களை அரங்கில் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் ஒலி. இந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பை அவரே செய்தார். ஆஞ்சலோ படலமென்டியின் இசைக்கு அடியிலும் வசனங்களுக்கு இடையிலும் தாழ்ந்த உறுமல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் அதில் பெரும்பகுதி கேட்காமலே போய்விடும். உணவகத்தின் பின்புறச் சந்துக்கு இருவர் நடந்து செல்லும் காட்சி பட்டப்பகலில் நடக்கிறது. என்ன வரப்போகிறது என்பதை அவர்களில் ஒருவர் முன்கூட்டியே சொல்லியும் விடுகிறார். அப்படியிருந்தும் அரங்கில் அந்த உறுமல் உடம்பில் ஏறும்போது, படத்தை முன்பே பார்த்தவர்கள்கூட இருக்கையின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம், அங்கே படத்தை நிறுத்தவோ பின்னோக்கி ஓட்டவோ முடியாது என்பது. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக 1999இல் ஒரு தொடரின் மாதிரி முதல் பகுதியாக எடுக்கப்பட்டு, அந்நிறுவனம் வேண்டாமென்று ஒதுக்கிய பின், பிரெஞ்சுப் பண உதவியுடன் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டு, 2001இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம் இது. தொடருக்காகப் போட்ட முடிச்சுகள் சில அவிழாமலே நிற்பதால், வீட்டில் பார்ப்பவர்கள் நிறுத்தி நிறுத்தித் துப்புத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். லிஞ்ச் அதை விரும்பவில்லை. டிவிடியில் அத்தியாயப் பிரிப்பு வைக்கவே அவர் சம்மதிக்கவில்லை. படத்தில் வரும் 'சிலென்சியோ' அரங்கில் பாடகி ரெபெக்கா டெல் ரியோ ஸ்பானிய மொழியில் பாடிக்கொண்டிருக்கையில் மயங்கிச் சரிய, குரல் மட்டும் தொடர்ந்து ஒலிக்கும் இடம் நினைவிருக்கும். திரையில் இரு பெண்கள் இருட்டில் அமர்ந்து அந்தப் பாடலைக் கேட்டு அழ, எதிரே நாமும் இருட்டில் அமர்ந்து அதையே கேட்டுக்கொண்டிருப்போம். வீட்டில் இது அமையவே அமையாது.

லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய பிரின்ஸ் சார்லஸ் திரையரங்கையும், வாட்டர்லூ பாலத்தடியில் இருக்கும், பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் (பிஎஃப்ஐ) திரையரங்கான பிஎஃப்ஐ சவுத்பேங்கையும் கவனித்து வாருங்கள். 35 மிமீ பிலிம் பிரதியா, எண்ணிம வடிவமா என்பதை நிகழ்ச்சிப் பட்டியலிலேயே குறிப்பிடுவார்கள். 2021இல் வெளிவந்த 4கே மீட்டெடுப்பு (பிலிமிலிருந்து புதுப்பித்த உயர்துல்லிய எண்ணிமப் பிரதி) லிஞ்சின் மேற்பார்வையில் செய்யப்பட்டது, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் பிலிம் பிரதி கிடைத்தால் அதற்கே போங்கள். ஹாலிவுட்டின் கனவைப் பற்றிய படத்தில் கீறலும், சுருள் மாறும்போது வலது மேல்மூலையில் மின்னும் புள்ளியும் எனக்கு உறுத்தலாகத் தோன்றியதில்லை.

இந்தப் படத்துக்கு இங்கே 15 என்ற வயதுச் சான்று. பதினைந்துக்குக் குறைந்தவர்களைப் பெரியவர்கள் உடன் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் இளமையான தோற்றம் உடையவராயின் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பொதுவாக இடைவேளை இராது. விசிலடிப்பதும் கிடையாது (நம்மவர்களுக்கு இது சற்றுக் கடினம்தான்), ஆனால் சிரிப்பார்கள். காபியைத் துப்பும் காட்சியில், துப்புகிறவர் இசையமைப்பாளர் படலமென்டியேதான் என்று அறிந்தவர்கள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள்.

இரவுக் காட்சியானால் வெள்ளி அல்லது சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். லெஸ்டர் சதுக்கம் வழியாகச் செல்லும் நார்தர்ன், பிக்காடிலி தடங்களில் அந்த இரு இரவுகளிலும் விடிய விடிய ரயில் உண்டு. மற்ற நாட்களில் கடைசி ரயிலைத் தவறவிட்டால் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு நடந்து போய் இரவுப் பேருந்தைப் பிடித்துக்கொள்ளலாம்.