வீட்டில் ஈயம் உருக்குகிறார் கணவர்: குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதுமா?

கேள்வி: என் கணவர் மீன்பிடித் தொழில் செய்கிறார். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுக்காகப் பழைய பேட்டரித் தகடு, கேபிள் ஈயமெல்லாம் வாங்கி வந்து, பின்கட்டில் விறகடுப்பில் உருக்கிக் கட்டியாக வார்த்து வைப்பார். மூன்று வயது மகனுக்குச் சில மாதங்களாகப் பசியில்லை; மலச்சிக்கல், அடிக்கடி வயிற்றுவலி. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. திறந்தவெளியில்தான் உருக்குகிறார், எல்லோரும் பால் குடித்துவிடுகிறோம். இதனால் பாதிப்பு வருமா?
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வரும், சகோதரி. மகனின் வயிற்றுவலிக்கு ஈயம்தான் காரணம் என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் அந்த அடுப்பை அணைக்க ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

புகை காற்றோடு போய்விடும் என்று நம்புகிறீர்கள். எனக்குக் கவலை, கீழே படியும் தூள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். விறகடுப்பில் சூடு அதைத் தாண்டி ஏற ஏற, கண்ணுக்குத் தெரியாத துகள் கிளம்பும். உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை கட்டுமே, கணவர் கரண்டியால் வழித்துக் கொட்டுவாரே, அதில் பெரும்பகுதி ஈய ஆக்சைடு. அது பின்கட்டு மண்ணில், கொடியில் காயும் துணியில், அவர் கட்டியிருக்கும் லுங்கியில் எல்லாம் ஒட்டும். பிள்ளை மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பான். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர் உடம்பு சுமார் 10 சதவீதம் உறிஞ்சும்; சிறு குழந்தையின் உடம்பு பாதி வரைகூட உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் அதிகம்.

பேட்டரித் தகடு உருக்காமலேயே ஆபத்து. அதிலிருந்து உதிரும் பொடியே ஈயச் சேர்மம்தான். செனகலின் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயில் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்து வந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊர் மண்ணிலும் வீடுகளுக்குள்ளும் ஈயம் படிந்திருந்தது.

பால் நல்லதுதான். சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் ஈயம் உடம்பில் ஏறுவது ஓரளவு குறையும். பாலும் முருங்கைக்கீரையும் தொடரட்டும். ஏறிவிட்டதைப் பால் வெளியேற்றாது. எலும்பில் சேர்ந்த ஈயம் பல வருடங்கள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது அதுவும் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகும்.

அதனால் மகன், நீங்கள், கணவர் மூவருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். மகனுக்கு ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு 45ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். அதை மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மருந்து வேண்டுமா என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும். மகனுக்கு விடாத வாந்தி, அசாதாரண தூக்கம், வலிப்பு வந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்வதை வேறு பெரியவர் யாராவது செய்யட்டும், நீங்கள் வேண்டாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உருக்கிய இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடுங்கள். அந்தச் சட்டியிலும் கரண்டியிலும் இனி சமைக்கக் கூடாது.

கணவரிடம் சொல்லுங்கள்: பழைய பேட்டரியைப் பேட்டரி விற்கும் கடையில் கொடுத்துவிடலாம், குண்டைத் தயாராக வாங்கிக்கொள்ளலாம். அதுவும் ஈயம்தான். பல்லால் கடித்து இறுக்கக் கூடாது, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, மகனிடம் விளையாடக் கொடுக்கவும் கூடாது.