புயலில் டவர் போனால், கடற்கரை ஊர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மெஷ் ரேடியோ அமைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் மண்டபம் பக்கத்துக்காரர். கரண்டும் செல்போன் டவரும் போய்விட்ட நேரத்தில், மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை ஊர்க்காரர்களே செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு ரேடியோ வலை அமைக்கலாமா, எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக அமைக்கலாம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் நண்பர்களோடு சேர்ந்து நாங்களும் சிறிய அளவில் ஒன்றை நடத்துகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கருவியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த மெஷ் ஓடுவது லோராவில். லோரா என்பது மிகக் குறைந்த மின்சாரத்தில், மிகக் குறைந்த அளவு தகவலை, வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை. அதன் மேல் ஓடும் மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் 2020-ல் தொடங்கியது. உங்கள் செல்போன் ப்ளூடூத் வழியாகக் கையடக்கக் கருவியோடு பேசும். கருவி பக்கத்துக் கருவியோடு பேசும். கேட்டதை ஒவ்வொன்றும் திருப்பிச் சொல்லி அடுத்த ஊருக்குத் தள்ளும். சிம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். குரல் போகாது, எழுத்தும், இருக்கும் இடமும் மட்டும்தான் போகும்.

நாட்டுப்படகு மீனவர்களிடம் இதை விளக்கியபோது ஒரு பெரியவர், "சரி தம்பி, இதுல யாரு யாருக்கு என்ன சொல்லப் போறோம்?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான். நாங்கள் உட்கார்ந்து எழுதினோம். கரை சேர்ந்துவிட்டோம். காற்று கூடுகிறது. மருந்து வேண்டும். பாதை தண்ணீரில் கிடக்கிறது, வேறு வழியாக வாருங்கள். பாசி எடுக்கப் போன பெண்கள் திரும்பிவிட்டார்கள். இப்படிக் கொஞ்சம் வாக்கியங்களே போதுமாக இருந்தன. பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை 90.4 எஃப்எம் வானொலி சொல்வதை எல்லோரும் கேட்கலாம். ஆனால் கேட்டவர் திருப்பிப் பதில் சொல்ல வழியில்லை. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் மெஷ் வேண்டும்.

வாக்கியங்களை முன்கூட்டியே முடிவு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்றால் மூன்று, 'கா' என்றால் ஆறு. அதாவது தமிழில் சுமார் நாற்பது எழுத்தில் விஷயத்தை முடித்தாக வேண்டும். ஆகவே சுருக்கமான வாக்கியங்களை ஆப்பில் முன்பே பதிந்து வையுங்கள். பதற்றத்தில் யாரும் தட்டச்சு செய்து கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது கரையின் வடிவம். மெஷ் பற்றி நீங்கள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் நகரங்களுடையவை. நாலா பக்கமும் கருவி இருக்கும். ஒன்று அணைந்தால் செய்தி இன்னொரு வழியில் போய்விடும். நம் கரை அப்படி இல்லை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று ஒரே கோடு. இரண்டு பக்கமும் கடல். இங்கே நீங்கள் கட்டுவது வலை அல்ல, கயிறு. நடுவில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அந்தப் பக்கம் போயே போய்விட்டது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு கட்டடத்தில், வேறு வேறு ஆள் பொறுப்பில், இரண்டு கருவி இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். கையில் பத்துக் கருவி இருந்தால் பத்து ஊருக்குப் பரப்பாதீர்கள், ஐந்து ஊரை உறுதியாகக் கட்டுங்கள். இன்னொன்று, சாதாரண அமைப்பில் ஒரு செய்தி மூன்று முறைதான் திருப்பிச் சொல்லப்படும். ஏழு வரை கூட்டலாம், ஆனால் தேவைக்கு மேல் கூட்டினால் காற்றில் நெரிசல்தான் மிஞ்சும்.

தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். சமதரையிலும் கடல் மேலும் கணக்கு எளிது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோ அடிவானம் கிடைக்கும். கையில் பிடித்திருக்கும் கருவிக்கு, அதாவது ஒன்றரை மீட்டரில், 5 கிலோமீட்டர். 16 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தால் 16 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு முனைகளின் கணக்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இது தடையே இல்லாத நிலைக்கான கணக்கு. கரையை ஒட்டி அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலங்காடும் கட்டடங்களும் நிறையவே தின்றுவிடும்.

ஆகவே ஊரில் உயரமான இடம் யாருடையது என்று பாருங்கள். சர்ச் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி, புயல் பாதுகாப்புக் கட்டடம். கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் கேட்க வேண்டியது ஊர்ப் பெரியவர்கள் மூலமாக. பனைமரம் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். இடியைக் கூப்பிட்டு வாங்கும் மரம் அது, வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் கைவைக்காதீர்கள். அவை கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

தூரம் சோதிக்கும் நாளையும் கவனியுங்கள். பாக் நீரிணையின் மேல் காற்று அடங்கி, இலங்கை எஃப்எம் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்கிறதென்றால், காற்றின் வெப்ப அடுக்குகள் ரேடியோ அலையை வளைத்து வெகுதூரம் கொண்டுபோகின்றன என்று அர்த்தம். அன்றைக்குக் கிடைக்கும் தூரத்தை நம்பிக் கருவிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், வாடைக்காற்றடிக்கும் நாளில் கோடு அறுந்து நிற்கும். நல்ல நாள், மோசமான நாள் இரண்டிலும் சோதித்து, மோசமான நாளின் தூரத்தை வைத்தே இடம் குறியுங்கள்.

இப்போது சட்டம். நம் பகுதியில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-ல் விதி வந்தது. அனுப்பும் திறன் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்ந்த வீச்சு 4 வாட், அலை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்று அந்த விதி வரம்பு வைத்தது. மெஷ்டாஸ்டிக்கில் தானாக வரும் 'லாங் ஃபாஸ்ட்' என்ற அமைப்பு 250 கிலோஹெர்ட்ஸ் எடுக்கும், வரம்பைத் தாண்டிவிடும். அதனால் நாங்கள் 125 கிலோஹெர்ட்ஸில் ஓடும் 'லாங் மாடரேட்' வைத்திருக்கிறோம். வேகம் குறையும், அதனால் இருப்பிடத்தை அடிக்கடி அனுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். எல்லாக் கருவியிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும்; பகுதி என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டம் அனுமதித்தாலும், இது எல்லைக் கடல். அனுமதியில்லாத சாட்டிலைட் போன் வைத்திருந்தாலே வழக்கு ஆகும் நாடு இது. தெரியாத ஆன்டெனா படகில் இருந்தால் எந்த ரோந்துக்காரரும் சந்தேகப்படுவார், அது அவர் வேலை. முதல் கருவியை மாட்டுவதற்கு முன்பே கடலோரப் பாதுகாப்புக் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள். முடிந்தால் ஒரு கருவியை அங்கேயே கொடுத்து வையுங்கள். நம் செய்தியை அவர்களும் படிக்க முடியும் என்றால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் மெஷ்ஷை நம்பி இருக்காதீர்கள். படகு ரேடியோவில் அவசர அழைப்புக்கான விஎச்எஃப் சேனல் 16, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் நிலையத்துக்கு 1093, இவைதான் முதல். 2017 ஒக்கி புயலில் எச்சரிக்கை போய்ச் சேராமல் ஆழ்கடலில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். அவ்வளவு தூரத்துக்கு நம் சின்னக் கருவியும் எட்டாது. கரைக்கும் கரையை ஒட்டிய கடலுக்கும் மட்டும்தான் இது.

கடைசியாகக் கருவி. 868 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், நம் 865–867 அதில் அடங்கும். 433, 915 என்று போட்டிருப்பவை நமக்கு ஆகாது. வீட்டில் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ள ஹெல்டெக் கம்பெனியின் லோரா போர்டு போதும். உயரத்தில் சோலாரில் விடுவதற்கு என்ஆர்எஃப்52 சிப் உள்ள ராக் கம்பெனி போர்டுதான் சரி, ஹெல்டெக் எடுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கரண்டில் ஓடும். நமக்கு இது தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நாள்கணக்கில் வெயிலே இருக்காது. ஒரு வாரம் மூடம் போட்டாலும் தாங்கும் அளவு பேட்டரி வையுங்கள். உப்புக்காற்று முதலில் ஆன்டெனா இணைப்பைத்தான் அரிக்கும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். விசைப்படகுத் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆட்கள் கரையில் இருப்பார்கள். மாட்டுவது, சோதிப்பது, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பழக்குவது எல்லாவற்றையும் அதற்குள் முடியுங்கள். பழக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது: ஆன்டெனா மாட்டாமல் கருவியை ஆன் செய்யக் கூடாது, அனுப்பும் பாகம் எரிந்துவிடும்.