பழைய பாக்ஸ்டரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: 2003 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் எஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, மேனுவல் கியர். மொத்தமே 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம், குளிர்காலம் முழுக்க கராஜில்தான் நிற்குமாம். ஆனால் ஐஎம்எஸ் பேரிங் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: வாங்கலாம். ஆனால் குறைவாக ஓடிய வண்டி என்பதற்காக ஒரு டாலர்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இந்த இன்ஜினைப் பொறுத்தவரை சும்மா நின்ற வண்டியைவிட ஒழுங்காக ஓடிய வண்டியைத்தான் நான் நம்புவேன்.

ஐஎம்எஸ் என்பது கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியை செயின் வழியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோகும் நடுத்தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட்). ஃப்ளைவீல் பக்கத்தில் அதைத் தாங்குவது, கிரீஸ் வைத்து சீல் செய்த ஒரு பால் பேரிங். வருடங்கள் போகப்போக சீல் தளர்ந்து, இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும், உள்ளே போன ஆயிலோ சரியாக வெளியே வராமல் அங்கேயே கிடந்து கெட்டுப்போகும். ஈரமும் அமிலமும் சேர்ந்த அந்த ஆயிலில் மாதக்கணக்கில் நின்றால் பேரிங் குண்டுகள் அரிக்கத்தானே செய்யும்? பேரிங் உடைந்தால் வால்வு திறந்து மூடும் நேரம் (டைமிங்) தப்பி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் வேறு இன்ஜின்தான், அந்தச் செலவு வண்டி விலையையே தாண்டிவிடலாம்.

ஆரம்ப வருட பாக்ஸ்டர்களில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும் இரட்டை வரிசை பேரிங் இருந்தது. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், அதிகம் போவது அதுதான், உங்கள் 2003-ம் அந்தக் காலத்து வண்டிதான். அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்து 2013-ல் சமரசத்தில் முடிந்தது. ஒற்றை வரிசையில் 8 சதவீதம் வரை பழுதானதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். அப்படியென்றாலும் பெரும்பாலான வண்டிகள் தப்பித்துவிட்டன, அதையும் மறக்க வேண்டாம்.

முதலில் பில்களைக் கேளுங்கள். பேரிங்கை எட்ட கியர்பாக்ஸ், க்ளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்கியாக வேண்டும், அதனால் விவரம் தெரிந்தவர்கள் க்ளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். பில் இல்லையென்றால் அந்த மொத்த வேலைக்கும் ஆகும் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

அடுத்தது ஆயில் ஃபில்டர். கழற்றி, காகித மடிப்பை வெட்டி விரித்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றிரண்டு இருந்தால் பெரும்பாலும் செயின் கைடில் தேய்ந்தது, பயமில்லை. வெள்ளி மாதிரி மினுக்கும் தூள் இருந்தால் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது இரும்பு, பேரிங்காக இருக்கலாம், அந்த வண்டியே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வருவது இந்த இன்ஜினுக்கு சகஜம். அடங்காமல் வெண்புகை கக்கினால் இன்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செபரேட்டரைச் சந்தேகப்படுங்கள். வாட்டர் பம்ப் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள், அதன் பிளாஸ்டிக் இறக்கை உடைந்தால் துண்டுகள் கூலன்ட் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும்.

வாங்கிய பிறகு, எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், முடிந்தால் குளிருக்கு நிறுத்துவதற்கு முன்னால். நிறுத்திய வண்டியை அவ்வப்போது ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், ஆயில் சூடாகாமல் ஈரம்தான் சேரும். ஓட்டினால் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடுங்கள்.