வாரிசு வேண்டாத சங்கம்

கேள்வி: அமெரிக்காவில் மே மாதம் அனுசரிக்கப்படும் போர்வீரர் நினைவு நாளைப் பரப்பியது முன்னாள் வீரர்களின் சங்கம் ஒன்று எனப் படித்தேன். அது எப்படித் தோன்றியது? இன்றும் இயங்குகிறதா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்னும் சங்கத்தை. வடமாநிலங்களும் பிரிந்து சென்ற தென்மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வடதரப்புப் படைகள் கலைக்கப்பட்ட மறு ஆண்டே, 1866 ஏப்ரல் 6 அன்று, இலினாய் மாநிலத்து டிகேட்டர் நகரில், போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஸ்டீபன்சன் இதன் முதல் கிளையைத் தொடங்கினார். தோழமை, ஈகை, விசுவாசம் ஆகியவை அதன் கொள்கைகள்.

தொடக்க ஆண்டுகளில், புதியவரைச் சேர்க்கும் சடங்கு ரகசியச் சடங்குகளுக்குப் பேர்போன சகோதரத்துவ அமைப்பான ஃபிரீமேசன்களின் பாணியை ஒட்டி அமைந்திருந்தது. கண்களைக் கட்டி அழைத்து வரப்பட்டவர், கொடியும் பைபிளும் வைக்கப்பட்ட ஒரு சவப்பெட்டியின் முன் மண்டியிட்டு உறுதிமொழி ஏற்பார். கட்டை அவிழ்த்ததும், தென்தரப்பின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மாண்ட வீரர் ஒருவரின் பெயர் அப்பெட்டியின் மீது எழுதப்பட்டிருப்பதைக் காண்பார். இன்று படிக்கும்போது மிகை நாடகமாகத் தோன்றலாம். ஆனால் ஏறத்தாழ 13,000 கைதிகள் பசியாலும் நோயாலும் மடிந்த அம்முகாமின் நினைவு ஆறாதிருந்த அந்நாளில், அங்கே நின்றவர்கள் அதை அப்படிக் கருதியிருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். அவர்களைச் சலிப்படையச் செய்தது வேறொன்று: 1869-இல் உறுப்பினர்களை மூன்று படிநிலைகளாகப் பிரித்தபோது பலர் விலகிச் செல்ல, இரண்டே ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது.

கல்லறைகளில் மலர் வைக்கும் வழக்கம் முன்பே, தென்மாநிலப் பெண்களிடமும், இருந்ததுதான். 1868-இல் சங்கத் தலைவர் ஜான் லோகன், மே 30 அன்று எல்லாக் கிளைகளும் அதனைச் செய்ய வேண்டும் என ஆணையிட்டதால், ஆண்டுதோறும் ஒரே நாளில் அனுசரிக்கும் வழக்கமாக அது முதலில் வடமாநிலங்களில் வேரூன்றியது.

1890 அளவில் உறுப்பினர் எண்ணிக்கை நான்கு லட்சத்தைக் கடந்து, ஓய்வூதியச் சட்டங்களையே மாற்றும் செல்வாக்கு சங்கத்துக்கு வாய்த்தது. ஆயினும் உள்நாட்டுப் போரில் வடதரப்பில் பணியாற்றியவர்களுக்கு மட்டுமே அதில் இடம். மகன்களுக்குத் தனி அமைப்பு உருவானதே தவிர, உறுப்புரிமை வழங்கப்படவில்லை. அமெரிக்க விடுதலைப் போரின் அதிகாரிகள் 1783-இல் நிறுவிய சின்சினாட்டி சங்கமோ, உறுப்புரிமையை மூத்த வாரிசுக்கு வழங்கி, பிரபுத்துவத்துக்கு வழி கோலுகிறது என்ற கண்டனத்துக்கு ஆளானாலும், இன்றும் இயங்குகிறது. கிராண்ட் ஆர்மி தன் கடைசி மாநாட்டை 1949-இல் இண்டியானாபொலிஸில் நடத்தியது; எஞ்சியிருந்த உறுப்பினர் ஆல்பர்ட் வூல்சன் 1956-இல் மறைந்ததும் கலைக்கப்பட்டது.