கொலஸ்ட்ரால் குறைந்தால் தற்கொலை எண்ணம் வருமா? டாக்டரிடம் கேளுங்கள்

பெரம்பூர் வாசகர்: கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விபத்திலும் தற்கொலையிலும் அதிகம் சாகிறார்களாமே?

இந்த வதந்திக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1984-ல் முடிவு வந்த அமெரிக்க ஆய்வில் 3,806 ஆண்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பழைய மருந்தான கொலஸ்டிரமின் தூள் சாப்பிட்டவர்களில் 11 பேர் விபத்து, வன்முறையில் இறந்தார்கள். மருந்தில்லாத தூள் சாப்பிட்டவர்களில் 4 பேர். 1990-ல் மல்டூன் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்கு தெரிந்தது. அப்புறம் ஸ்டாடின் வந்தது, இன்று பெரும்பாலும் தரப்படும் கொலஸ்ட்ரால் மாத்திரை வகை. 1994 ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள். இத்தகைய சாவு மாத்திரை தரப்பில் 6, மறுதரப்பில் 7. மொத்தச் சாவு மாத்திரை தரப்பில் 182, மறுதரப்பில் 256. 2001-ல் மல்டூனே மறுபடி கணக்குப் போட்டார். ஸ்டாடினில் அந்த ஆபத்து தென்படவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தாம்பரம் வாசகி: செக்கு நல்லெண்ணெய் நல்லதா?

அளவாக ஊற்றினால் சரி. இன்றைய விஷயம் அது இல்லையம்மா.

அடையாறு வாசகர்: கொலஸ்ட்ரால் இறங்கினால் மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனமான செரோடோனின் வேலை கெடும் என்கிறார்களே?

அது 1992-ல் எங்கல்பெர்க் என்ற ஆய்வாளர் சொன்ன ஊகம். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடுவது உள்ளே போவதில்லை என்றே சொல்லலாம்.

அடையாறு வாசகர்: நழுவாதீர்கள் டாக்டர். மூன்றரை லட்சம் அமெரிக்க ஆண்களைக் கவனித்ததில், கொலஸ்ட்ரால் 160-க்குக் கீழே இருந்தவர்களிடம் தற்கொலை அதிகமாமே?

ஆமாம், அப்படித்தான் வந்தது. ஆனால் எது முன்னால் வந்தது? மனச்சோர்வு வந்தால் சாப்பாடு இறங்காது, எடை குறையும், கொலஸ்ட்ராலும் குறையும். குடியால் ஈரல் கெட்டாலும் குறையும். குடிக்கும் தற்கொலைக்கும் உள்ள உறவு நமக்குத் தெரியும். குறைந்த எண் காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம்.

மயிலாப்பூர் வாசகர்: நான் பல வருஷமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். அடையாறுக்காரர் ஏன் பயமுறுத்துகிறார்?

அவர் கேட்டது நல்ல கேள்வி. ஒருவர் அனுபவம் ஆய்வாகாது, எனக்குச் சாதகமாக இருந்தாலும்.

வேளச்சேரி வாசகர்: முட்டை மஞ்சள் கரு?

முட்டையா! அதுவும் இன்றைய விஷயம் இல்லை.

குரோம்பேட்டை வாசகி: ஸ்டாடின் தொடங்கியதிலிருந்து அப்பா யாரோடும் பேசுவதில்லை, தூங்குவதில்லை.

மாத்திரையோ வேறெதுவோ, இதைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நிறுத்துவதா மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சாவைப் பற்றி அப்பா பேசினால் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம்.