பூங்காவில் அந்தச் செடி இருக்கிறதா? தரவுத்தளத்தில் தேடுவோருக்குக் கேள்வி பதில்

(தாவரவியல் பூங்கா ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

கேள்வி: 'காசியா ஆரிகுலேட்டா' என்று ஆவாரையைத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அங்கே ஆவாரையே கிடையாதா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஆவாரை இப்போது காசியாவில் இல்லை, சென்னா பேரினத்தில் இருக்கிறது (செடியின் அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம்). ரோஸ்மேரியையும் இப்படித்தான் 2017-இல் சால்வியாவோடு சேர்த்துவிட்டார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் ஏற்கப்பட்ட பெயரையும் இணைப்பெயர்களையும் (அதே செடியின் மற்றப் பெயர்கள்) பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். பேரினம் மாறும்போது சிற்றினப் பெயரின் கடைசி எழுத்துகளும் சில சமயம் மாறும். அதனால் தேடும்போது சிற்றினப் பெயரின் முதல் ஐந்தாறு எழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: ஒரே மரத்துக்கு ஏழு பதிவுகள் வருகின்றன. தவறா சார்?

தவறில்லை. அதுதான் இந்தத் தரவுத்தளத்தின் உயிர். இங்கே பதிவாவது இனம் மட்டுமல்ல, ஒவ்வொரு செடியின் வரலாறும்தான். ஓரிடத்திலிருந்து ஒரே சமயத்தில் வந்த விதைக்கோ நாற்றுக்கோ ஒரு சேர்க்கை எண் தருவார்கள். உதாரணமாக '1996-0342-பி' என்றால், 1996-இல் வந்த 342-ஆவது சேர்க்கை, அதில் இரண்டாவது செடி. எண் எழுதும் முறை பூங்காவுக்குப் பூங்கா மாறும்.

கிளையில் தொங்கும் அலுமினியத் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்து, பாசி போனபின் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒன்றுபோல நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று காட்டில் பொறுக்கிய விதையாக இருக்கும், மற்றது நர்சரியில் வாங்கியதாக இருக்கும். 'மூலம்' என்ற கட்டத்தில் இது தெரியும்: காட்டிலிருந்து நேரே வந்ததற்கு 'டபிள்யூ', காட்டுச் செடியின் வழித்தோன்றலுக்கு 'இசட்', வளர்ப்புச் செடிக்கு 'ஜி', தெரியாததற்கு 'யூ'. ஆராய்ச்சிக்குத் தேடுகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அரிய செடி பல பூங்காக்களில் இருந்தால் அது பத்திரம் என்று சொல்லலாமா?

எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 'என்செஃபலார்டோஸ் வுடியை' என்ற சைகட் செடியைப் பாருங்கள் (சைகட் என்பது பார்க்கப் பனை போலிருக்கும் ஒரு தொன்மையான தாவர வகை). தென்னாப்பிரிக்காவின் இங்கோயே காட்டில் 1895-இல் ஜான் மெட்லி வுட் கண்ட ஒரே ஆண் செடி அது. இன்று பூங்காக்களில் நிற்பவை எல்லாம் அதன் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை. பெண் செடி இதுவரை கிடைக்கவே இல்லை. எத்தனை பதிவு வந்தாலும் செடி ஒன்றுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

கேள்வி: சில செடிகள் எந்தப் பாத்தியில் இருக்கின்றன என்பதை ஏன் மறைக்கிறார்கள்?

திருட்டுக்குப் பயந்துதான். 2014 ஜனவரியில் கியூ பூங்காவின் கண்ணாடிக் குடிலுக்குள்ளிருந்தே உலகின் மிகச் சிறிய அல்லி ஒன்றைத் தூக்கிவிட்டார்கள்.

கேள்வி: பதிவில் இருக்கிறது. நேரில் போனால் செடியைக் காணவில்லையே?

'கடைசியாகச் சரிபார்த்த தேதி' என்ற கட்டத்தைப் பாருங்கள். அது நாலைந்து வருடம் பழையது என்றால் செடி பட்டுப்போயிருக்கலாம், இடம் மாற்றியிருக்கலாம். செத்த செடியின் பதிவையும் அழிக்க மாட்டார்கள், நிலையை மட்டும் மாற்றுவார்கள். அதனால் தேடும்போது 'உயிருள்ளவை மட்டும்' என்ற வடிகட்டி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டு, "இன்ன பாத்தியில் இந்தச் செடி இல்லை" என்று பூங்காவுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அப்படி வந்த கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் எத்தனையோ பதிவுகளைத் திருத்தியிருக்கிறேன்.