பழவேற்காட்டை ஒரே நாளில் நடந்து பார்த்துவிட முடியுமா?

முடியும், சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர்தான், அரை நாளே போதும். ஆனால் கேள்வியோடு "கல்லறையும் மீன் நாற்றமும்தான் இருக்கிறது என்கிறார்களே" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் பழவேற்காட்டின் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன்.

சென்னையிலிருந்து வருவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விடியற்காலை ரயிலில் பொன்னேரிக்கு வந்து பஸ் பிடியுங்கள். இறங்கியதும் எல்லாரும் நேரே டச்சுக் கல்லறைக்குத்தான் போவார்கள். நீங்கள் முதலில் மீன் ஏலம் நடக்கிற கரைக்குப் போங்கள், வெயில் ஏறிவிட்டால் அங்கே ஒன்றும் இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேரை நானே ஊருக்குக் கூட்டி வந்தேன். கரையில் அம்மா நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். உயிர் நண்டின் ஓட்டைக் கால் விரலால் அழுத்திப் பிடித்து, இரண்டு கொடுக்கையும் மடக்கி, சணலைக் குறுக்கே ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று, முடிச்சு. ஒரு நண்டுக்குப் பத்து விநாடிகூட ஆகாது. வந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்க சார், நிழலுக்கு வாங்க" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சொந்த ஊர்ப் பாசத்தில் பேசுகிறேன் என்று யாராவது வருவீர்கள். ஆமாம், பாசம்தான், அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடாது.

அங்கிருந்து கோட்டைப் பக்கம் நடந்தோம். 1613ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது முட்புதரும் அகழித் தடமுமாகக் கிடக்கிறது. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி போனது, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளோடு படம் எடுக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் கைலியை இன்றைக்கும் பெலிக்கட் என்கிறார்கள், அது எங்கள் ஊரின் ஆங்கிலப் பெயரான புலிகாட்தான். பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் இருக்கிறது, அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளைப் பொடிப் பொடிச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மதியம் ஆனதும் நண்பர்கள் படகில் போகலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். காசு எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம், உன் ஊர்தானே, ஒரு ஆளைப் பிடி என்று விடாமல் கேட்டார்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. லீவுக்கு வந்திருந்த நான் அன்று சாயங்காலம் கரையில் நின்றேன். வரிசையாகக் கிடந்த செருப்புகளில் ஒரு சின்னக் குழந்தையின் செருப்பும் இருந்தது. இதைச் சொன்ன பிறகும் இரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, திரும்பும் பஸ்ஸில்கூட. அதற்கு நான் வருத்தப்படவில்லை. நீங்களும் யாரையும் அப்படிக் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்வது மீன்பிடிக்கிறவர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சென்னை ஓட்டல்களில் பழவேற்காடு நண்டு என்று பெயர் போட்டு விற்கிறார்கள். ஒரு தட்டின் விலையைப் பார்த்து நான் அம்மாவுக்கு போன் செய்து அன்றைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். அவள் சொன்ன தொகையில் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீர் பாட்டில்தான் வாங்க முடியும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடும் மாதங்களில் அதுவும் இல்லை.

சரி, குடை எடுத்து வாருங்கள். கல்லறைக் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், சாவி யாரிடம் என்று சொல்வார்கள். திரும்பும்போது பனையோலைப் பெட்டி பின்னும் பெண்களிடம் ஒன்று வாங்குங்கள், பேரம் பேசாமல்.